அத்தையும் பரம்பிக்குளமும்

எங்கள் அத்தைக்கு வயது 76. காசிக்குப் போய் வந்திருக்கிறார். ராமேசுவரம் இரண்டு முறை. பழனிக்கு எத்தனை தடவை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் நெகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தம் சொந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் பார்த்ததே கிடையாது.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. கொங்கு நாட்டு மருமகள்கள் அப்படித்தான் அழைப்போம். அவர் என்னை 'அம்மிணி' என்பார். கோபம் வந்தாலும் அம்மிணிதான். குரலில்தான் வித்தியாசம் தெரியும்.

1967-ஆம் வருஷம் அத்தைக்குக் கல்யாணம். அவர் புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் தோட்டத்துக்குக் கிணறு ஒன்றுதான் கதி. விடிவதற்கு முன்னால் மாடு கட்டிக் கவலை ஓட்டத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் அரை ஏக்கர் நனைந்தால் பெரிய காரியம். கம்பும் சோளமுந்தான் வெள்ளாமை. அப்புறம் வாய்க்காலில் பி.ஏ.பி. தண்ணீர் வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் என்று முழுப் பெயரையும் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை; அந்த மூன்று எழுத்துத்தான். தண்ணீர் வந்தது, தென்னை வந்தது, ஓட்டு வீடு மெத்தை வீடானது, பிள்ளைகள் கோயமுத்தூருக்குப் போய்க் காலேஜில் படித்தார்கள். என் நாத்தனார் கழுத்தில் ஏறிய நகையிலிருந்து நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தது வரைக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது.

2022 செப்டம்பர் 21-ஆம் தேதி விடியற்காலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகு உடைந்துபோயிற்று. விநாடிக்கு 20,000 கன அடி என்ற கணக்கில் தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. நீர்மட்டம் மதகின் அடிப்பாகம் வரைக்கும் இறங்கினால் ஒழிய அதை நிறுத்த வழியில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அத்தை அன்றைக்கு முழுவதும் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். "அது என்ற ஊட்டுத் தண்ணி அம்மிணி. கண்ணு முன்னால போகுது பாரு" என்றார். மதகைப் பிறகு புதிதாகப் பொருத்திவிட்டார்கள். ஆனால் அத்தையின் மனத்தில் மட்டும் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டது. "சாவறதுக்குள்ள அந்தக் குளத்த ஒருக்கா பாத்துப்போடோணும்."

முழங்கால் வலி, தேங்காய் வெட்டு, பேரனுக்குப் பரீட்சை என்று மூன்று வருஷம் தள்ளிப்போய், சென்ற மார்கழியில்தான் புறப்பட்டோம்.

*

பரம்பிக்குளம் கேரளத்தில், பாலக்காடு ஜில்லாவில் இருக்கிறது. ஆனால் கேரளத்துக்காரர்களுங்கூடப் பொள்ளாச்சி வழியாகத்தான் அங்கே மோட்டாரில் போக வேண்டும்! பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப். அதற்கும் அப்பால் ஆனைப்பாடி சாவடியில் கேரள எல்லை. பூமி கேரளத்தினுடையது, அணைகளைக் கட்டியதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. இரண்டு மாகாணத்தாரும் 1970-இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை, 1958 முதற்கொண்டே அமலுக்கு வந்ததாக எழுதிக்கொண்டார்கள். முதலில் காரியம், பிறகு காகிதம்!

ஆனைமலையில் இறங்கி மாசாணியம்மனைக் கும்பிட்டோம். படுத்த கோலத்தில் இருக்கும் அம்மன். நியாயம் கிடைக்காத பெண்கள் இங்கே வந்து கல்லில் மிளகாய் அரைத்து அம்மனுக்குச் சாத்துவார்கள். அத்தை அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சேத்துமடையிலிருந்து மலைப்பாதை. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 36 கிலோமீட்டரில் டாப்ஸ்லிப் வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மேலே தேக்கை வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்களாம். அதனால் வந்த பெயர் இது. அந்தத் தேக்கெல்லாம் கப்பல் கட்டப் போயிற்று. பிறகு ரயில் வந்ததும் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போயிற்று. காடு மொட்டையானதுதான் மிச்சம்.

அந்த மொட்டைக்கு மறுபடி முடி முளைக்க வைத்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. அடியோடு வெட்டாமல் கட்டையை விட்டு வைத்து மறுதாம்பு துளிர்க்கவிடும் முறையை அவர் கையாண்டார். தினம் காலையில் சட்டைப் பை நிறையத் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு கிளம்புவாராம். கைத்தடியால் மண்ணில் குத்துவார், ஒரு விதையைப் போடுவார், நடப்பார். 1933-இல் குன்னூரில் காலமானார். தம்மை இந்தக் காட்டிலேயே அடக்கம் செய்யவேண்டும் என்பது அவருடைய விருப்பம். என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று கல்லறையில் இருக்கிறது. நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். தேக்கு, தேக்கு, கண்ணுக்கெட்டிய வரை தேக்கு.

அத்தை கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டார். "உங்க மாமனாரும் அறுநூறு தென்னம்பிள்ளை வச்சாரு. கல்லுல எழுதலீன்னாலும் காயி விழுகுதல்லொ" என்றார்.

டாப்ஸ்லிப்பை ஒட்டிய கோழிகமுத்தியில் யானை முகாம் இருக்கிறது. காட்டு யானைகளை அடக்குகிற வேலையில் 99 முறை முன்னால் நின்ற கலீம் என்ற கும்கிக்கு 2023 மார்ச் மாதத்தில் ஓய்வு கொடுத்தார்கள், அணிவகுப்பு மரியாதையோடு! பாகர்கள் பெரும்பாலும் மலசர்கள். அவர்கள் யானையிடம் பேசுகிற பேச்சைக் கேட்டால், நம் வீட்டில் பிள்ளைகளிடம் நாம் இத்தனை பொறுமையாகப் பேசுகிறோமா என்று கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

*

ஆனைப்பாடி சாவடியில்தான் ஒரு சிறு ரகளை.

பிளாஸ்டிக் சாமான் ஒன்றும் உள்ளே போகக்கூடாது என்பது கண்டிப்பு. நான் விவரம் தெரிந்து, அரிசிம்பருப்புச் சாதத்தைப் பித்தளைத் தூக்கிலும், கச்சாயத்தை வாழையிலையிலும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். என் கணவரின் பையிலிருந்துதான் இரண்டு சிப்ஸ் பொட்டலம் வெளியே வந்தது. அதோடு போயிற்றா? அத்தையின் மஞ்சப்பையைத் திறந்தார்கள். ஒரு தேங்காய். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு. கற்பூரம். தீப்பெட்டி!

"பாட்டி, காட்டுக்குள்ளே நெருப்பு கூடாது" என்றார் காவலர்.

"நானென்ன காட்டுக்கா வெக்கப்போறேன்? குளத்துக்குச் சூடம் காட்டோணும் சாமி."

கற்பூரமும் தீப்பெட்டியும் அங்கேயே தங்கின. தேங்காயை எதற்காகவோ விட்டுவிட்டார்கள். அத்தைக்கு மனத்தாங்கல்தான். ஆனால் காவலர் செய்ததில் தப்பில்லை. 2018 மார்ச்சில் தேனி ஜில்லா குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களில் எத்தனை பேர் இளம் பெண்கள்! அதற்குப் பிறகுதான் மலை நடைக்குக் கட்டுத்திட்டங்கள் பிறந்தன. 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு போய்வர ஏற்பாடு செய்தது. டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை போகிற பாதை அவற்றில் ஒன்று. எந்தப் பாதையானாலும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடுதான் போகவேண்டும். கோடையில் தீப்பயத்துக்காகக் காட்டை மூடிவிடுவதும் உண்டு. கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆனைப்பாடிக்கு அப்பால் வனத்துறை வண்டி. வழியில் புள்ளிமான் கூட்டம் வீட்டு ஆடு மாதிரி நின்று பார்த்தது. ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் மாட்டிக்கொண்டது போல. தூணக்கடவுக்குப் பக்கத்தில் இறங்கிக் கன்னிமாரத் தேக்கைப் பார்த்தோம். அடிமரத்தின் சுற்றளவு ஆறரை மீட்டர் அளவுக்கு இருக்கும். வயது நானூறு, நானூற்றைம்பது வருஷம் என்கிறார்கள். வெட்டப் போனபோது ரத்தம் கசிந்தது என்றும், அதனால் மலைவாசிகள் கன்னித் தெய்வமாக வணங்க ஆரம்பித்தார்கள் என்றும் ஒரு கதை. 1994–95-இல் இந்திய அரசாங்கம் இந்த மரத்துக்கு 'மகாவிருட்ச' விருது கொடுத்தது. மரத்துக்கு விருது கொடுக்கிற யோசனை யாருக்குத் தோன்றியதோ, நல்ல மனசு.

*

ஏரிக்கரை நடைக்கு எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். காடர் இனம். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, தலையில் செருகிய ஒரு காட்டுப் பூ. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஆனால் நடக்கும்போது பேசவே இல்லை. நாங்கள் பேசினாலும் உதட்டில் விரலை வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று மூக்கை உறிஞ்சினாள். "ஆனை. நேத்து ராத்திரி" என்றாள். இரண்டு வளைவு தாண்டியதும் சாணி கிடந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, அத்தை அவளுக்குப் பின்னால் இரண்டாவதாக நடந்தார். வீட்டில் மாடிப்படி ஏறுவதற்கு மூன்று தடவை உட்காருகிறவர், அந்த இரண்டு மைல் பாதையில் ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்தார். என் கணவர்தான் அட்டை கடிக்கும் என்று பயந்து காலில் உப்பைத் தேய்த்தபடியே வந்தார். மார்கழியில் ஏது அட்டை? ஒன்றுகூட வரவில்லை.

இங்கே பல நடைப் பாதைகள் இருக்கின்றன. கரியன் சோலைக்குள் போகிற பாதை பகலிலும் இருட்டாக இருக்குமாம். பழைய டிராம் தடத்தை ஒட்டியும் ஒரு நடை உண்டு. கொச்சி ராஜ்யத்தார் 1907-இல் இந்தக் காட்டிலிருந்து சாலக்குடி வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் தண்டவாளம் போட்டுத் தேக்கை இறக்கினார்கள். எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. செங்குத்தான இடங்களில் எஞ்சினே இல்லாமல், மரம் ஏற்றிக் கீழே போகிற வண்டியின் கனத்தாலேயே காலி வண்டியை வடம் கட்டி மேலே இழுத்தார்களாம், கிணற்று ராட்டினத்தில் இரண்டு குடம் கட்டினாற்போல! பறவைகளைப் பற்றி எழுதிப் பேர் பெற்ற சாலிம் அலி 1933-இல் அந்தத் தடத்தில் உள்ள குரியார்குட்டியில் தங்கித்தான் பறவைகளைக் கணக்கெடுத்தார். இப்போது தண்டவாளம் இல்லை. தடம் மட்டும் காட்டுக்குள் கிடக்கிறது.

எங்கள் பாதை மூங்கில் புதர் வழியாக இறங்கி, சட்டென்று திறந்தது.

ஏரி!

நான் ஊட்டி ஏரியைப் பார்த்திருக்கிறேன், கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் பார்த்திருக்கிறேன். அவை பட்டணத்து ஏரிகள். சுற்றி வர ஓட்டலும் குதிரையும் பொரி கடலையும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. மலைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. அக்கரையில் கரிமலை கோபுரத்தின் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நீர் சற்று வடிந்திருந்த ஓரத்தில், என்றோ மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள் கறுத்துத் தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கட்டையின்மேல் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரில் முதலையும் உண்டு, நீர்நாயும் உண்டு என்றாள் எங்கள் வழிகாட்டி. அத்தை காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இத்தனையுமா நம்ம தண்ணி?" என்றார்.

என் கணவர் விளக்கினார். மேற்கே பாய்ந்து அரபிக் கடலுக்குப் போகிற ஆறு இது. அதை இங்கே மறித்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து இன்னொரு சுரங்கம். அது சர்க்கார்பதி மின்சார நிலையத்தில் விழுந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மலையடிவாரக் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. அப்புறம் நம் வாய்க்கால். நீராற்றிலிருந்தும் சோலையாற்றிலிருந்தும் இதேபோல மலைக்குள்ளாகவே தண்ணீர் இங்கே வந்து சேருகிறது. முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 18 டி.எம்.சி., உயரம் 72 அடி. திருமூர்த்திப் பாசனம் மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் போதாது. ஆகவே நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை.

"அதெல்லாந் தெரியும். மண்டலம் வராத வருஷம் உயிர்த் தண்ணிக்கு மனு எழுதறது நானுதானொ" என்றார் அத்தை. கண்ணை ஏரியிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு மஞ்சப்பையிலிருந்து தேங்காயை எடுத்தார். அதற்கு மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார். தண்ணீரில் விடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. வழிகாட்டிக்கும் புரிந்துவிட்டது.

"ஏரியிலே ஒண்ணும் போடக்கூடாதும்மா" என்றாள், மெதுவாகத்தான்.

"ஒரே ஒரு காயி, சாமி. எங்கூட்டுத் தண்ணி வந்த எடமல்லொ இது. இந்தக் கொளம் வந்துதான் நாங்க சோறு தின்னோம்."

அவள் பதில் சொல்லாமல் தண்ணீருக்கு நடுவில் கையை நீட்டினாள். ஒரு தீவு போல மேடு தெரிந்தது. "அந்தா, அதுக்கு அந்தப் பக்கந்தான் எங்க பாட்டியோட பதி. தண்ணி ஏறுறதைப் பாத்துக்கிட்டே மேல ஏறி வந்ததுன்னு சொல்லும். குடிசையைப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. பாட்டனைப் புதைச்ச எடம் அடியிலே."

கோபமாகச் சொல்லவில்லை. நாம், பழைய வீடு இந்தத் தெருவில்தான் இருந்தது என்று வந்தவர்களுக்குக் காட்டுவோமே, அந்த மாதிரிதான் சொன்னாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் பக்கத்தில் இந்த அணையைப் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். காமராஜர் காலத்துப் பெருமை, கேரளத்தோடு பங்குத் தகராறு, மணக்கடவில் 7.25 டி.எம்.சி. விட்டாயா இல்லையா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, வாய்க்காலில் மோட்டார் வைத்துத் திருடுகிறான். தண்ணீருக்கு அடியில் யார் வீடு இருந்தது என்று மட்டும் ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அத்தை வெகு நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்ற பாட்டி இருக்குதா?" என்று கேட்டார்.

"போய்ச்சேந்துச்சு. அம்மா இருக்கு, கொடிக்குச் சுகமில்லாம."

"கொடியா?"

"வீட்டு மேலே மெளகு கொடி. அது பட்டுப்போச்சுன்னு அம்மா படுத்துக்கிச்சு" என்று அவள் சிரித்தாள்.

அத்தையும் சிரித்தார். பட்டுப்போன தென்னையை எண்ணி எத்தனை நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர்! பிறகு மஞ்சள் பூசிய தேங்காயை அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் வைத்தார்.

"இந்தா. இது உங்க தண்ணியில காச்ச காயி."

அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அறுபது வருசத்துக்கு ஒண்ணேதானா?" என்றாள்.

என் கணவருக்குச் சுருக்கென்றது. எனக்குந்தான். ஆனால் அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஏரிக்கரையில் அத்தனை சத்தம் போடக்கூடாது என்று மறுபடி உதட்டில் விரல் வைத்ததும் அந்தப் பெண்தான்.

*

கச்சாயத்தை நாலு பேருமாக மூங்கில் நிழலில் உட்கார்ந்து தின்றோம். வெல்லம் எவ்வளவு, அரிசியை எத்தனை நேரம் ஊறவைப்பது என்று அவள் கேட்டுக்கொண்டாள். பரம்பிக்குளத்தில் காட்டில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பெண்கள் பாசிமணி செய்து விற்கிறார்கள். எனக்கு ஒரு பச்சை மாலை வாங்கினேன். திரும்பும் வழியில் பெரிய இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. இறக்கைச் சத்தம் பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல இருந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் அன்றைக்கு என் கவனம் அதில் இல்லை.

வண்டி மலையிறங்கும் வரைக்கும் அத்தை பேசவில்லை. சேத்துமடையில் முதல் தென்னந்தோப்பு கண்ணில் பட்டதும், "அம்மிணி, பொள்ளாச்சியிலிருந்து அங்க நேராப் போற பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

தை பிறந்து முதல் வெட்டு முடிந்ததும், மட்டை உரித்த காயாகப் பொறுக்கி ஒரு சாக்கு கட்டச் சொன்னார். மூட்டைக்குள் ஒரு படி கச்சாய மாவும், ஈரத் துணியில் சுற்றி நாலு மிளகுக் கொடி நாற்றும். பொள்ளாச்சி பஸ் நிலையத்துக்குத் தாமே வந்து ஏற்றிவிட்டார். சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கவேண்டும் என்று கண்டக்டர் பிடிவாதம் பிடித்தார். அத்தை எண்ணிப் பார்த்துச் சில்லறையாகவே கொடுத்தார்.